கீச்சிடும் வாத்து அழைப்பு ஊதலை (கூஸ் கால்) மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மேற்கு மாம்பலம், சென்னை – 600 033.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், தங்கள் இணையவழி விற்பனை நிறுவனம்.

பொருள்: அக்ரிலிக் ஷார்ட் ரீடு கூஸ் கால் – ரீடு (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு) பழுது – மாற்றுப் பொருள் அல்லது முழுப் பணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் தளத்தில் முழுப் பணமும் செலுத்தி நான் வாங்கிய கூஸ் கால், பெட்டியைப் பிரித்த நாள் முதல் கீச்சிடுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. ஆர்டர் எண், பில், பேசிய அழைப்புகளின் பதிவு எல்லாம் தங்கள் கணினியில் இருக்கும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் முதலிலிருந்து ஒப்பித்து அலுத்துவிட்டேன்.

தாங்கள் விற்கும் பொருளைப் பற்றித் தங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. கனடா வாத்தின் குரல் கீழ்ச் சுருதியில் தொடங்கிச் சட்டென்று மேலே உடைய வேண்டும். அடிவயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி, ஊதலின் மறுமுனையைக் கைகளால் குவித்து மூடி எதிரழுத்தம் கொடுத்தால் அந்த உடைவு வரும். தாங்கள் அனுப்பியதில் கீழ்ச் சுருதியே இல்லை. உட்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது ரீடின் நுனி ஓரமாகக் கீறியிருந்தது. அதுவும் தேவைக்கு மேல் குட்டையாக நறுக்கப்பட்டிருந்தது. ரீடு குட்டையானால் சுருதி ஏறும் என்பது நாதஸ்வரச் சீவாளியைக் கையால் தொட்ட எவருக்கும் தெரியும்.

'பழகப் பழக வரும் சார்' என்பதே தங்கள் சேவைப் பிரிவின் முதல் பதில். புதியவருக்கு எளிதானது புல்லாங்குழல் வகைக் கூஸ் கால் என்பதையும், ஷார்ட் ரீடு வகை கைவர நாளாகும் என்பதையும் அறிந்தேதான் நான் விலை குறைந்த பாலிகார்பனேட் ஊதல் ஒன்றில் மாதக்கணக்கில் பயின்றேன். அடுக்ககத்தில் ஊதினால் அண்டை வீட்டார் மனம் நோகும் என்பதால், வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்து ஊதிப் பழகியவன் நான். அந்த மலிவான ஊதலில் இன்றும் உடைவு சரியாக வருகிறது. திறந்த வெளியில் தொலைவு வரை கேட்கும் கூர்மையான ஒலி அக்ரிலிக்கில் கிடைக்கும் என்பதற்காக மட்டுமே கூடுதல் பணம் கொடுத்துத் தங்களிடம் வந்தேன். கனடாவில் பல வேட்டைப் பருவங்கள் ஊதிய என் மகனின் நண்பர் விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தபோது தங்கள் பொருளை வாங்கி ஊதினார். அவருக்கும் அதே கீச்சுதான். அவரும் பழக வேண்டும் என்பீர்களா?

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கள் அழைப்பு மையத்தின் அந்த இளைஞரை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. 'சார்ஜ் போட்டுப் பார்த்தீங்களா?' என்று தொடங்கினார். இது மின்கலம் இல்லாத, வாயால் ஊதும் கருவி. பனி வாத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பதிவு செய்த ஒலியைக் கொண்டு வாத்துகளை அழைப்பதைக் கனடாச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால்தான் மனிதர்கள் இப்படி மூச்சைக் கொடுத்துப் பழகுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். 'அப்படின்னா ஊதிக் காட்டுங்க, கேட்போம்' என்றார். என் வயதில் ஒருவன் தொலைபேசியில் ஊதிக் காட்டினேன், ஐயா. அவர் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார் என்பது மறுமுனையில் பலர் சிரித்தபோதுதான் தெரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் சென்ற கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சேவை மையம் அங்கே இருப்பதாகத் தாங்களே குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். பட்டப்பகல் வெயிலில் தேடிச் சென்றால், அங்கிருந்தவர் மிக்சியும் கிரைண்டரும் மட்டுமே பழுது பார்ப்பவர். நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதைகூடத் தங்கள் நிறுவனத்தாரிடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதே இளைஞரிடம் இதைச் சொன்னபோது, 'இந்தியாவில் வேட்டைக்குத் தடை இருக்கு, இதை வாங்கினதே தப்பு' என்று என்னையே மிரட்டினார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வேட்டை உரிமங்கள் ஒழிந்ததையும் நான் அறிவேன். இங்கு குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்துகளை நான் தொலைநோக்கியில் பார்ப்பதோடு சரி. சஸ்காட்சுவானில் உரிய அனுமதியுடன் வேட்டைக்குச் செல்லும் என் மகனுடன் செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில் சேர்ந்துகொள்ளவே இங்கே பயில்கிறேன். வாங்கியது குற்றமென்றால் விற்றது என்னவாம்?

தங்கள் அலட்சியத்தால் என் உறக்கமும் உடல்நலமும் வீட்டின் நிம்மதியும் கெட்டன. இந்தப் பருவமே எனக்கு இல்லாமல் போய்விட்டது. விமானச் சீட்டின் முழுச் செலவையும் தங்களிடம் கோர எனக்கு உரிமையுண்டு என்றே கருதுகிறேன். ஆயினும் தாங்கள் நேரில் இதைப் படித்தால் நியாயம் செய்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரைப் பெற்றதற்கான ஒப்புதலை 48 மணி நேரத்திற்குள்ளும், தீர்வை ஒரு மாதத்திற்குள்ளும் தாங்கள் தந்தாக வேண்டும். தவறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணோடு நிற்க மாட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பழுதான ஊதலைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று, புதியதையோ முழுப் பணத்தையோ தருமாறும், அந்த இளைஞரிடமிருந்து எழுத்துவடிவில் வருத்தம் பெற்றுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். புதியதை அனுப்புவதாயின், பெட்டியில் அடைக்கும் முன் தங்கள் கிடங்கில் யாரேனும் ஒருவர் அதை ஊதிப் பார்த்துவிட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: கீறிய ரீடின் நிழற்படம், இரண்டு ஊதல்களின் ஒலிப்பதிவு.