படிப்பக மன்ற ஆண்டறிக்கை: தப்பு நோட்டு தொடங்கிய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, மாடியில் படிக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இரத்த தான முகாமும் பொங்கல் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை வங்கித் தேர்வுப் பயிற்சியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வங்கிக் கிளார்க் வேலைக்கான பிரிலிம்ஸில், அதாவது முதல்நிலைத் தேர்வில், ரீசனிங் எனும் புதிர், தர்க்கப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 34 நொடிதான் கிடைக்கும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பறிபோகும். வருடத்தின் முதல் பாதியில் வாரம் தவறாமல் மாதிரித் தேர்வு வைத்தோம், மதிப்பெண் பட்டியலைப் பலகையில் ஒட்டினோம். யாருக்கும் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. பட்டியலின் அடியில் பெயர் வந்த சிலர் படிப்பகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒட்டச் சொன்னவன் நான்தான். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். ஒரு தம்பி மட்டும் வரவே இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஆடி மாதத்திலிருந்து பட்டியல் கிடையாது. ஒரு ஞாயிறு தேர்வு, அடுத்த ஞாயிறு முழுக்க அந்தத் தேர்வின் தப்புகள். ஆளுக்கொரு நோட்டு கொடுத்தோம். தப்பான கேள்வியை, விளக்கத்தைப் பார்க்காமல், கடிகாரமும் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். இப்போது சரியாக வந்தால் அன்றைக்கு அவசரத்தில் விட்டது. இப்போதும் வரவில்லை என்றால் பாடமே பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு தங்கையின் நோட்டை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். அதில் ஒரு புதிர்: வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர், எல்லோரும் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால் வலது பக்கத்து ஆள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வருவார்; வெளியே பார்த்தால் முள் சுற்றும் திசையில் வருவார். பழக்கத்தில் மையம் என்றே வரைந்துவிட்டதால் அந்தப் புதிரின் ஐந்து கேள்வியும் போயிற்று, கூடவே ஒன்றேகால் மதிப்பெண்ணும். ‘வெளியே’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்தார். மூன்று வாரம் கழித்து அதே தப்பு மறுபடி நோட்டில் ஏறியது. அப்புறம்தான், வட்டம் போட்ட கையோடு அம்புக்குறி போட்டுவிட்டுப் பெயர் எழுதத் தொடங்கினார். இன்று மாடியில் எல்லோருடைய ரஃப் தாளிலும் அந்த அம்பு இருக்கிறது.

உறவுமுறைக் கேள்வியில் வேறொரு சிக்கல். அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள் என்று நாம் தனித்தனியாகச் சொல்வதெல்லாம் ஆங்கிலத் தாளில் ‘சிஸ்டர் இன் லா’ என்ற ஒரே சொல்தான். மனசுக்குள் தமிழாக்கினால் தடுமாறுகிறோம். ஆணுக்குக் கூட்டல், பெண்ணுக்குக் கழித்தல் குறி போட்டுக் குடும்ப மரம் வரைந்தால் நிற்கிறது. 2021இல் கிளார்க் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்தலாம் என்று முடிவானது முதல் தமிழிலும் எழுத முடிகிறது. எந்த மொழியில் எழுதப் போகிறோமோ அதில்தான் பயிற்சியும் எடுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக, கேள்வியை விட்டுவிடும் பழக்கம். ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பதும் போவதும் சமம், லாபம் பூஜ்யம். இரண்டு விடைகளை நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் தொடலாம். இதை ஒப்புக்கொள்வது நன்றாகப் படிக்கிறவர்களுக்குத்தான் அதிகம் கஷ்டமாக இருந்தது. பிடிவாதமாக ஒரே புதிரில் எட்டு நிமிடம் உட்கார்ந்தவர்களை நானே பார்த்தேன்.

தேர்வு கணினியில் நடக்கிறது, நாமோ இன்னும் தாளில் பழகுகிறோம். திரையில் பார்த்து ரஃப் தாளில் வரைவது தனிப் பழக்கம். குறைந்தது இரண்டு பழைய கணினிகள் வாங்க இந்தப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டு, அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்