மயில்கழுத்து மயில்கழுத்தாகவே தெரிய

மந்தைவெளி,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

ஐப்பசியில் நீ எழுதியதற்கு மாசியில் பதில் போடுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

பாப்பாவின் கவரிங் நகை வியாபாரத்துக்காக மாடி அறையில் லைட் போடப்போகிறாய் என்று முத்து சொன்னான். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி (சாஃப்ட்பாக்ஸ்) இரண்டு, நாலு பல்பு, ஸ்டாண்டு, பின்துணி எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற செட்டாமே. பணம் கட்டிவிட்டாயா? கட்டவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் பொறு.

மீனா விற்கிற பட்டுப் புடவைகளுக்குப் படம் எடுப்பது என் பொறுப்பு. விலை குறைவு, வெளிச்சம் அதிகம் என்று ஒரு எல்இடி பேனல் வாங்கி ஹாலில் மாட்டினேன். தை மாதம் மூன்று புடவைகள் திரும்பி வந்தன. படத்தில் காப்பிக்கொட்டை நிறம், கையில் அரக்கு. ஒரு அம்மா ‘ஏமாற்று வேலை’ என்றே எழுதிவிட்டார். அன்று ராத்திரி மீனா சாப்பிடவில்லை. “நான் பொய் சொல்லி விற்றவளாகிவிட்டேனே” என்றாள். பொய் சொன்னது நான் வாங்கி மாட்டிய விளக்கு, செல்வம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு எண் போடுகிறார்கள், தெரியுமா? அது எட்டு வெளிர் நிறங்களைச் சோதித்து எடுத்த சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது. சராசரியில் அது சேராது. ஆர்9 என்று தனியாகப் பார்க்க வேண்டும். அட்டையில் 80 என்று போட்ட விளக்கு சிவப்பில் மட்டும் கோட்டை விட்டுவிடலாம். நம் ஊரில் அரக்கும் குங்குமச் சிவப்பும் இல்லாமல் என்ன புடவை, என்ன கெம்புக்கல்? எல்இடிதான் வேண்டும் என்றால் சிஆர்ஐ 95க்கு மேல் இருக்கிறதா, ஆர்9 எவ்வளவு என்று கேட்டு வாங்கு. வாட் கணக்கை மட்டும் சொல்கிற கடையை விட்டு இறங்கிவிடு.

நான் கடைசியில் வாங்கியது ஒரே ஒரு ஸ்பீட்லைட், அதாவது செல்லில் ஓடும் சின்ன பிளாஷ், கோடாக்ஸ் டிடி600. பிளாஷ் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருக்கிறது. சிவப்பு சிவப்பாகவே விழுகிறது. நாலு பென்சில் செல் போதும். ரீசார்ஜ் செல்லாக ரிச்சி தெருவில் வாங்கினேன். சிக்னலை வாங்கும் ரிசீவர் பிளாஷுக்குள்ளேயே இருப்பதால், தூரத்திலிருந்து அதை அடிக்கவைக்கும் டிரிகர் ஒன்று மட்டும் கேமரா மேல் வேண்டும்; உன் நிக்கானுக்கு உரியதா என்று பார்த்து வாங்கு. அப்புறம் ஒரு ஸ்டாண்டு, பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை. குடை விஷயத்தில் உன் சரித்திரம் தெரியும், இதையாவது பஸ்ஸில் விட்டுவிடாதே.

நம் கேமரா வாத்தியார் “கிட்டக் கொண்டு வா, கிட்டக் கொண்டு வா” என்று கத்துவாரே, அதன் அருமை இப்போதுதான் புரிகிறது. குடையைப் புடவைக்கு இரண்டடி தூரத்தில் வைத்தேன். விளக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நிழல் மெத்தென்று விழும். முன்பு ஜரிகையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி அடித்த இடமெல்லாம் இப்போது ஒரே தங்கப் பட்டையாகத் தெரிகிறது. உன் நகைக்கும் இதேதான். பளபளக்கிற உலோகம் கண்ணாடி மாதிரி. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரில் பெரிய வெள்ளைத் துணியை வை.

துணிக்கு கோடவுன் தெரு போனேன். முதலில் எடுத்தது காடா. அதில் லேசான மஞ்சள் ஓடும், வெளிச்சமும் மஞ்சளாகிவிட்டது. சலவை செய்த தூய வெள்ளையாகக் கேள். எதிர்ப்பக்கம் நிழலை நிரப்ப ஸ்டேஷனரி கடைத் தெர்மாகோல் அட்டை ஒன்றே போதும். எல்லாம் சேர்த்து எனக்குப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது.

ஃபேனை நிறுத்திவிட்டு எடு. காற்றில் குடை ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். நான் ஸ்டாண்டின் காலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டியிருக்கிறேன். டியூப்லைட்டையும் அணைத்துவிடு. கேமராவில் ஷட்டர் 1/160, துவாரம் எஃப்8, ஐஎஸ்ஓ 100 வைத்துப் பார், அறை வெளிச்சம் படத்தில் விழவே விழாது.

நேற்று ஒரு மயில்கழுத்துப் புடவை எடுத்தேன். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். குடையை நேராக வைத்தால் வெறும் நீலம். பக்கவாட்டில் நகர்த்த நகர்த்த மடிப்பின் மேட்டில் பச்சை எழும்பி வந்தது. மீனா புடவையைப் படத்தோடு சேர்த்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த புடவையை எடுத்துப் பிரித்தாள்.

பங்குனியில் கபாலி தேருக்கு வருவாய் அல்லவா? நகைகளையும் எடுத்து வா. இங்கேயே எடுத்துப் பார்ப்போம், அதற்குப் பிறகு வாங்கு. அத்தையின் கல்யாணக் கூறைப்புடவையையும் கேட்டு வாங்கி வா. அந்த அரக்கை இந்த விளக்கில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ரகு