காரின் இரும்பைப் பிடித்துக்கொண்டே இறங்கு, கண்ணு

சிங்காநல்லூர்,
தை மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தேய்த்தால் தூங்கிவிடுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். எழுதினால் படிப்பாய். பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படிக்காமல் கீழே போடாத பிள்ளை நீ.

விஷயம், காரிலிருந்து இறங்கும்போது உனக்கு அடிக்கிற அந்த ஷாக். போன வாரம் குட்டி "அம்மா கையத் தொட்டா கடிக்குது அப்புச்சி" என்றான். நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலு வயசுப் பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது அம்மா கையைப் பிடிக்கப் பயப்படக் கூடாது, கண்ணு. அதுவும் பனி உறைந்து கிடக்கிற தரையில்.

மாப்பிள்ளை பேட்டரியைப் பார்க்கச் சொன்னதாகச் சொன்னாய். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 12 வோல்ட் பேட்டரியை உலர்ந்த கையால் தொட்டால் தொட்டதே தெரியாது. காரில் ஒரு கோளாறும் இல்லை. மின்சாரம் உன் உடம்பில் ஏறுகிறது. உன் குளிர் ஜாக்கெட்டும் கார் சீட்டும் ஒட்டி இருந்துவிட்டுப் பிரிகிறபோது ஒன்றில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் தங்கிவிடுகிறது. ரப்பர் அடி வைத்த ஷூ அதைத் தரைக்கு இறங்க விடாது. அப்படியே சுமந்துகொண்டு கதவைச் சாத்தப் போகிறாய், விரல் நுனிக்கு அது பாய்ந்து வருகிறது. சில சமயம் 10,000 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். பயப்படாதே, அளவு மிகவும் கொஞ்சம், கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்துவிடும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினாலே கைக்குத் தெரிந்துவிடும். பிள்ளைக்குக் கடிக்கத்தான் செய்யும்.

நாங்கள் கனடாவுக்கு, உங்கள் கால்கரிக்கு வந்திருந்த ஜனவரியில் எனக்கும் அடித்தது, ஞாபகம் இருக்கிறதா? மளிகைக் கடை வாசலில், சாயங்காலம். விரலுக்கும் கதவுக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி. எனக்கு உடனே எங்கள் மில்தான் ஞாபகம் வந்தது.

பாலியஸ்டர் ஓட்ட ஆரம்பித்த புதிதில் இதே தொல்லையோடுதான் நாங்கள் மல்லுக்கட்டினோம். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற இடத்தில் காற்றின் ஈரப்பதம் 55, 60 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கென்றே ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் வைத்து, தண்ணீரைத் தூவி, காற்றை அதன் வழியாக இழுத்து உள்ளே விடுவோம். ஈரப்பதம் பார்க்கத் தூணுக்குத் தூண் இரண்டிரண்டு தெர்மாமீட்டர் தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். ஒரு மாசி மாதம் பம்ப் நின்றுபோய், ஒரு ஷிப்ட் முழுக்கக் காய்ந்த காற்றில் ஓட்டினார்கள். நான் போய்ப் பார்த்தபோது இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிலிர்த்து நின்றன. ரோலருக்கு ரோலர் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தது. கிட்டே கையைக் கொண்டுபோனால் முன்கை ரோமம் எழுந்து நின்றது. தண்ணீர் விட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. ஈரம் இருந்தால் மின்சாரம் தங்காமல் மெல்லக் கசிந்து போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் ஊரில் அந்த ஈரம் இல்லை. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராம் தண்ணீர்தான் நிற்கும். அதே காற்றை ஹீட்டர் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்கு 17 கிராம் கொள்ளும். இருப்பதோ அந்த ஒரு கிராம். கணக்குப் போட்டுப் பார், நூற்றுக்கு ஆறு பங்குகூட இல்லை. அந்தக் காற்றில் உட்கார்ந்திருக்கிறாய் நீ.

இப்போது நான் சொல்வதைக் கவனி. இறங்கிய பிறகு கதவைத் தொடாதே. சீட்டை விட்டு எழுவதற்கு முன்பே கார் பாடியின் இரும்பைப் பிடித்துக்கொள். பிடித்த கையை விடாமல் இறங்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகு விடு. ஏறுகிற மின்சாரம் ஏற ஏறக் கை வழியாகவே போய்விடும், சேராது. பெயின்ட் பூசிய இடத்தைவிட, பூட்டு போய் மாட்டுகிற அந்த வெறும் இரும்பு வளையம் நல்லது. கதவு நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், விரல் நசுங்கப் போகிறது. மறந்துபோய் இறங்கிவிட்டால் வெறும் விரலால் தொடாமல் கையில் ஒரு சாவியை இறுகப் பிடித்து அதன் நுனியால் தொடு. பொறி சாவியில் விழும், உனக்கு வலிக்காது. அது முடிந்த பிறகு குட்டியை இறக்கு. முதலில் இரும்பு, அப்புறம் பிள்ளை. இதை மறக்காதே.

சீட்டில் விரிக்க இரண்டு சென்னிமலைப் பருத்தித் துண்டு இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பருத்தியும் ஒரேயடியாகக் காய்ந்தால் மின்சாரம் ஏற்றும்தான், ஆனால் உன் பாலியஸ்டர் ஜாக்கெட் சீட்டில் உரசுகிற அளவுக்கு இருக்காது. உட்காருகிற இடத்தில் மட்டும் விரி, பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும், அதை மூடிவிடாதே. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. வறண்ட கை அதிகம் கடிக்கும். வீட்டில் காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிபயர் வாங்கிய புதிதில் ஓட்டினீர்கள், இப்போது ஓட்டுகிறீர்களா? 30 சதவீதம் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஜன்னலில் தண்ணீர் கோத்துவிடும். காருக்குப் பின்னால் ரப்பர் பட்டை தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காசைக் கரியாக்காதே. நம் ஊர் பெட்ரோல் லாரிகள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனது வேறு காரணத்துக்கு. பட்டை வண்டியில் இருப்பதை இறக்கலாம், உன் உடம்பில் இருப்பதை இறக்காது.

பெட்ரோல் போடும் இடத்தைப் பற்றி அங்கிருந்தபோதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். இங்கே பங்க்கில் ஆள் வந்து போடுவார். அங்கே நீயே இறங்கிப் போடுகிறாய். நாஸிலை, அதுதான் பெட்ரோல் போடுகிற குழாய் முனையை, தொடுவதற்கு முன்னால், டேங்க் மூடியிலிருந்து தள்ளி, காரின் இரும்பைத் தொடு. பெட்ரோல் ஏறிக்கொண்டிருக்கும்போது குளிருகிறது என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து நாஸிலைப் பிடிக்காதே. சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஏறிவிடும். விரலில் சுருக்கென்று தெரிகிற அந்தப் பொறியே போதும் பெட்ரோல் ஆவி பிடித்துக்கொள்ள. அப்படியே ஏதாவது ஆனாலும் நாஸிலை வெளியே இழுக்காதே. விட்டுவிட்டு ஓடிப்போய்க் கடையில் இருப்பவரிடம் சொல். குட்டி உள்ளே இருந்தால் முதலில் அவனைத் தூக்கு.

இன்னொன்று. கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓட விட்டுக் காரில் உட்காராதே. பாதி திறந்திருந்தாலும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, வருவதே தெரியாது. வெளியில் நிற்கிற காரிலும் பின்னால் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு. குளிருக்கு உட்கார வேண்டுமென்றால் வீட்டுக்குள் உட்கார்.

கார்த்திகையிலிருந்து நீ எங்களோடு பேசுவதெல்லாம் காரிலிருந்துதான். உன் தோளுக்குப் பின்னால் உங்கள் கராஜ் கதவு தெரிகிறது, அந்தக் கதவில் இருக்கிற கீறல்கூட எனக்கு அடையாளம் தெரியும். கடைக்குப் போய் வந்தேன் என்கிறாய். பொங்கலன்று போனைத் திருப்பி வீட்டைக் காட்டுவாய் என்று அம்மா காத்திருந்தாள், சிக்னல் இல்லை என்றாய். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். வேறொன்றும் நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் போலிருக்கிறது. ஷாக் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கிரைண்டர்தான் கண் முன்னால் நிற்கிறது.

நீ அஞ்சாவது படித்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா உன்னை மாவு தள்ள உட்காரவைத்துவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தாள். நீ கையை உதறிக்கொண்டு திண்ணைக்கு வந்து, "அப்பா, கிரைண்டர் சுருக்குங்குது" என்றாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாயா என்றேன். மில்லுக்கே கரண்ட் பார்க்கிறவன் வீட்டில் கரண்ட் அடிக்குமா என்றேன். நீ போகாமல் நின்று மறுபடியும் சொன்னாய். முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை. வாசலில் கிடந்த உன் ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய், மறுபடியும் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்தாய். சமையலறையில் செருப்புப் போட்டால் அம்மா திட்டுவாள் என்று உனக்குத் தெரியும். அப்படியும் போட்டுக்கொண்டு போனாய். அதை நான் பார்த்தேன் கண்ணு. பார்த்துவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன்.

ராத்திரி நீங்கள் தூங்கிய பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. சமையலறையில் மூணு பின் பாயின்ட் இல்லையென்று நான்தான் அந்த பிளக்கைக் கழற்றி ரெண்டு பின் பிளக் மாட்டியிருந்தேன். எர்த் வயரை மடக்கி டேப் சுற்றி விட்டிருந்தேன். அடுத்த வாரம் சரியாகப் போட்டுவிடலாம் என்று நினைத்து ஒன்றரை வருஷம் ஓடிப்போயிருந்தது. காரில் அடிப்பது மாதிரி இல்லை அது, பிடித்தால் விடாத கரண்ட். ஈரத் தரை, வெறுங்கால், பத்து வயசுப் பிள்ளை. என்ன நடந்திருக்கும் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். விடிவதற்குள் எர்த் இழுத்துப் பாயின்ட் போட்டுவிட்டேன். காலையில் உன்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதற்கப்புறம் நீ எதையும் என்னிடம் இரண்டாவது தடவை சொன்னதில்லை. ஹாஸ்டலில் மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் படுத்திருந்தது, ஊருக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நீயாகப் படித்தாய், நீயாக வேலை வாங்கினாய், அந்தப் பனியில் நீயாகக் கார் ஓட்டுகிறாய். என் பெண் யாரையும் எதிர்பார்க்க மாட்டாள் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை உனக்கு உண்டாக்கியது எது என்று நான் யோசித்ததே இல்லை.

உன் மேல் தப்பில்லை. நீ சொன்னது நிஜம். அன்றும் நிஜம். இருபத்தைந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள் கண்ணு.

இனி எதையும் என்னிடம் ஒரு தடவை சொன்னால் போதும். காரிலிருந்து பேசினாலும் சரி. உனக்கு மதியம் பன்னிரண்டரை என்றால் இங்கே ராத்திரி ஒரு மணி. அம்மா மாத்திரை போட்டுத் தூங்கியிருப்பாள், போன் என் தலைமாட்டில்தான் இருக்கும். தூக்கம் கெடுமே என்று நினைக்காதே, இப்போதெல்லாம் அந்நேரத்துக்கு எப்படியும் முழித்துத்தான் கிடக்கிறேன்.

பார்சலில் துண்டுக்கு அடியில் தேங்காய் எண்ணெய், குட்டிக்கு நிலக்கடலை உருண்டை, அம்மா போட்ட பருப்புப் பொடி. பக்கத்தில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. உன் காருக்குப் பட்டன் சாவி, தொடுவதற்கு இரும்பே இல்லை என்பதால் ஒன்று செய்தேன். அந்தப் பழைய கிரைண்டர் பிளக்கின் எர்த் பின், நல்ல கனமான பித்தளை, என் டூல் பெட்டியிலேயே கிடந்தது. அரத்தால் முனையை மழுக்கி, ஓட்டை போட்டு வளையத்தில் கோத்திருக்கிறேன். சாவியோடு மாட்டிக்கொள். இறங்கியதும் அதைக் காரில் தொட்டுவிட்டுக் குட்டியின் கையைப் பிடி.

அன்புடன்,
அப்பா