மன்னாரில் ஓர் இரவு நிறுத்த இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கை, அடுப்போடு வரும் வான்களை மன்னாரில் இரவு நிறுத்த ஓர் இடம் கேட்டு இதை எழுதுகிறேன். யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்த காலங்கள் போக, இருபத்திரண்டு வருசம் வவுனியா – மன்னார் வீதியில் பஸ் ஓட்டியவன் நான். பறயனாலங்குளம், மடுச் சந்தி, முருங்கன், உயிலங்குளம், தள்ளாடி என்று அந்த வீதியில் எனக்குத் தெரியாத வளைவு இல்லை. சனம் தள்ளாடிச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பொதிகளோடு வரிசையில் நின்ற நாட்களையும் கண்டிருக்கிறேன், 2010 இல் மன்னார்த் தீவுக்குப் புதுப் பாலம் திறந்த பிறகு அதே இடத்தை நிற்காமல் கடந்தும் இருக்கிறேன். ஆனால் மன்னார்க் கோட்டைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது இந்த மாசி மாதத்தில்தான். அத்தனை வருசமும் கோட்டையை முன் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்ததோடு சரி. இறங்கிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

ஜேர்மனியில் இருந்து என் சகலன் குடும்பமாக வந்திருந்தார். கொழும்பில் ஒரு மோட்டர் ஹோம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சிறிய மலசலகூடம் எல்லாம் உள்ளேயே பொருத்திய பெரிய வான். வவுனியாவில் என்னையும் மனைவியையும் ஏற்றி, "அண்ணை, இந்த ரோட்டு உங்கடை ரோட்டு, நீங்களே ஓட்டுங்கோ" என்று ஸ்டியரிங்கை என் கையில் தந்துவிட்டார்.

முதலில் மாந்தையில் இருக்கும் திருக்கேதீச்சரம் கோயிலுக்குப் போனோம். சிவராத்திரி முடிந்து ஒரு கிழமை. கோயில் தீர்த்தமான பாலாவிக் கரையில் நாங்களும் இன்னும் இரண்டு குடும்பங்களும் மட்டும்தான். சகலனின் மகளுக்குப் பதினான்கு வயது. "பெரியப்பா, இதிலையா பெரிய துறைமுகம் இருந்தது? கப்பல் வாற மாதிரி ஒண்டையும் காணேல்லையே" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மனைவி பக்கத்துக் கல்லில் இருந்து சுந்தரர் பதிகத்தை ராகத்தோடு பாடிக் காட்டினாள். மாந்தையின் பழைய பெயர் மாதோட்டம். மாதோட்டத்துக் கடலில் மரக்கலங்கள் நிறைந்து கிடந்ததை அவர் அதில் சொல்கிறார். அந்தப் பாட்டுக்கு மண்ணிலும் சாட்சி உண்டு. 1980களில் மாந்தை மேட்டைத் தோண்டியபோது சீனத்துப் பீங்கானும் பாரசீகத்து மட்பாண்டமும் கிடைத்தன. பிறகு யுத்தம் வந்து அகழ்வு நின்றுபோனது. கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததும், அதை மீளக் கட்ட வேண்டும் என்று 1872 இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்ததும் எங்கள் வயதுக்காரருக்குத் தெரிந்த கதை. அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரியும். திரும்பி வரும்போது மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாலத்தில் வானை மெதுவாக விட்டேன். வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் நின்றன. முன்பு அந்த இடத்தில் என் கவனமெல்லாம் முன்னால் போகும் லொறியில்தான் இருந்திருக்கும்.

கோட்டையை 1560 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, 1696 இல் புதுக்கிக் கட்டினார்கள். 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாலு கொத்தளம், சுற்றி அகழி. உள்ளே இடிந்த சுவர்களும் புல்லும். இத்தனை பேர் இந்தச் சின்னக் கோட்டைக்கு ஏன் அடிபட்டார்கள் என்று சகலன் கேட்டார். தெற்கே அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் கிடந்த முத்துச்சிப்பிதான் பெரிய காரணம். 1905 ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். ஒரு சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் சிப்பி ஓட்டுத் துண்டொன்று நீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை அதன் உட்புறத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். தூசி போனதும் பளபளத்தது. நாங்கள் சாப்பிடப் போகக் கூப்பிட்டும் அதை விட்டு அவள் அசையவில்லை.

மத்தியானம் ஒரு சின்னக் கடையில் சோறும் கணவாய்க் கறியும். பிறகு பள்ளிமுனைப் பெருக்கமரம் (பாவோபாப்). அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லும் மரம், சுற்றளவு 19.5 மீற்றர். எங்கள் ஐந்து பேரின் கையைக் கோர்த்தும் பாதிக்கு எட்டவில்லை. வழியில் கழுதைகள் வீதியின் நடுவில் நின்றன. இருட்டில் அவை வாகனத்தில் அடிபட்டுச் சாவதை நான் கண்டிருக்கிறேன். மன்னாருக்குள் வரும் சாரதிமார் தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள்.

இரவுக்கு வானை எங்கே விடுவது என்று தேடத் தொடங்கியபோதுதான் சிக்கல். பஸ் நிலையத்தில் விட முடியாது. விடுதி வளவுக்குள் எங்கள் வான் திரும்பாது. கடைசியில் தாழ்வுபாட்டுப் பக்கம் கடற்கரை வெளியில் நிறுத்தினோம். காற்று நல்ல காற்று, பிள்ளைக்குச் சந்தோசம். ஒன்பது மணியளவில் டோர்ச் அடித்துக்கொண்டு ஒரு ஐயா வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, இது எங்கடை பாடு. விடிய நாலு மணிக்கு வலை இழுக்க வருவம். வான் இதிலை நிண்டா கயிறு போட ஏலாது" என்றார். ஊரின் பெயரிலேயே பாடு என்று இருக்கிறது. கரைவலைக்காரர் உழைக்கும் இடம் அது, நாங்கள் படுக்கிற இடம் அல்ல. அவர் சொன்னது முழுக்க நியாயம். தவிர, எங்கள் கழிவுத் தாங்கியும் நிரம்பிக்கொண்டு வந்தது. அதைக் கடலிலோ பற்றைக்குள்ளோ திறந்துவிட எனக்கு மனம் வராது. எல்லாரும் அப்படி யோசிப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை நித்திரையில் இருக்க, இரவோடு இரவாக வவுனியாவுக்குத் திருப்பினேன்.

அடுத்த நாள் அரிப்புக்குப் போவதாகத்தான் இருந்தது. முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 – 1804 காலத்தில் கட்டுவித்த மாளிகையைக் கடல் சுவர் சுவராகத் தின்றுகொண்டிருக்கிறது. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1679 இல் வந்து சேர்ந்ததும் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். சகலனின் விடுமுறை அதோடு முடிந்தது. அவர்கள் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். அடுத்த முறை வரும்போது அந்தச் சுவரில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

ஜேர்மனியில் சின்னச் சின்ன ஊர்களிலும் இப்படியான வாகனங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். தண்ணீர்க் குழாய், கழிவை ஊற்ற மூடியோடு ஒரு குழி, ஒரு விளக்கு. இரவுக்குச் சிறு கட்டணம். காலையில் வானை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்து போய்ப் பாண் வாங்குவார்களாம். நான் கேட்பதும் அவ்வளவுதான். மன்னாருக்கு வரும் வாகனங்களில் அநேகம் தலைமன்னார் வரை ஓடி, கடலைப் பார்த்துப் படம் எடுத்து, இருட்ட முதல் பாலத்தைத் தாண்டிவிடுகின்றன. அந்தச் சனத்தில் பத்தில் ஒரு பங்கு இரவு தங்கினாலே விடிய அவித்த புட்டுக்கும் இடியப்பத்துக்கும், கருவாட்டுக்கும், பனம் பொருளுக்கும் ஆள் வரும்.

இடம் பெரிதாக வேண்டியதில்லை. ஆறேழு வான் நின்று திரும்பக் கூடிய வெளி போதும். திருப்பத்துக்கு நாற்பது அடி விடுங்கள், வாசலுக்கு மேலே வயர் தாழ்ந்து தொங்காமல் பாருங்கள். கோட்டை அகழிக்குப் பக்கத்திலும் வேண்டாம், வலை இழுக்கும் கரையிலும் வேண்டாம், பறவைகள் வரும் சதுப்பிலும் வேண்டாம். கழிவுக் குழியை மட்டும் முதல் நாளே ஒழுங்காகக் கட்டுங்கள். மன்னார் மணல் நிலம். கண்டபடி ஊற்றினால் கிணற்றில்தான் வந்து நிற்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. ஒவ்வோர் ஆவணியும் மடுத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் வந்து மரத்தடியில் கூடாரம் அடித்து நாட்கணக்காகத் தங்குகிறது. அத்தனை பேருக்கும் தண்ணீரும் மலசலகூடமும் ஒழுங்கு செய்யத் தெரிந்த மாவட்டம் இது. பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் ஒருமுறை இறங்கி இடம் பாருங்கள். எந்த வெளியில் எந்த வாகனம் திரும்பும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றால் நான் என் செலவில் வருகிறேன்.

வருகிற ஆவணியில் சகலன் குடும்பம் திரும்ப வருகிறது. மடுவுக்குப் போய்விட்டு மன்னாரில் இரண்டு இரவு, அரிப்பில் ஒரு பகல் என்று பிள்ளை இப்போதே எழுதி அனுப்பியிருக்கிறாள். வானை எங்கே விடுவது என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர்,
வவுனியா.