ஆண்டறிக்கை 2024–25: முந்திரிக்காட்டில் ஒரு நாள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை கோவாவின் வாஸ்கோ வட்டாரத்தில் நம் தமிழ்ச் சங்கம் செய்த பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வழக்கமாக நடப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஏப்ரலில் போன ஒருநாள் சுற்றுலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். வராதவர்கள் நிறையப் பேர் கேட்டார்கள். போனதே சரியா என்றும் சிலர் கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

செயற்குழு எட்டு முறை கூடியது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மழைக்காலத்திலும் தடைபடவில்லை. சொல்லிக்கொடுக்கும் மூன்று அம்மாக்களுக்கும் நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். பொங்கல் விழாவுக்குப் போன முறையைவிடக் கூட்டம் அதிகம், இலை மட்டும் பத்தாமல் போய்விட்டது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் ஒருவர் துறைமுக வேலைக்காக இங்கே வந்து, நம் சங்கத்தின் முதல் கணக்குப் புத்தகத்தைக் கையால் கோடு போட்டு எழுதியவர்.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில், முந்திரிப் பழத்தில் வடிக்கும் மதுவான ஃபெனியைக் காய்ச்சும் இடத்தையும் கைத்தொழில் செய்பவர்களையும் பார்த்து வரலாம் என்று நான் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. சங்கத்துப் பேரில், குழந்தைகுட்டிகளோடு, சாராயம் காய்ச்சும் இடத்துக்கா என்று ஒரு அக்கா எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. குடியால் நொந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அந்த வேதனையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியில், சங்கப் பணத்தில் ஒரு சொட்டு மதுவும் வாங்குவதில்லை, பஸ்ஸில் பாட்டில் ஏறக்கூடாது, தொழிலைப் பார்த்து வருவதுதான் நோக்கம் என்று தீர்மானம் போட்டோம். கேள்வி கேட்ட அக்காவே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. நான் பண்ருட்டிப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் முந்திரி என்றால் கொட்டைதான். பழத்தைத் திருகி எறிந்துவிடுவோம். சிறுவர்கள் உப்புத் தொட்டு இரண்டு தின்பார்கள், தொண்டை கரகரக்கும், மீதியெல்லாம் மரத்தடியிலேயே அழுகி ஈ மொய்க்கும். கோவாவுக்கு வந்த முதல் கோடையில், அந்தப் பழத்தைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து போவதைப் பார்த்து நின்றுவிட்டேன். நாம் எறிவதை வைத்து இங்கே ஒரு தொழிலே நடக்கிறது. அதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மட்காவ் தாண்டி முதலில் நின்ற இடம் குங்கோலிம். 1583இல் போர்ச்சுகீசியரை எதிர்த்து எழுந்த ஊர் இது. பேச்சுவார்த்தைக்கு என்று அழைக்கப்பட்ட ஊர்த்தலைவர்கள் அசோல்னா கோட்டையில் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு எழுப்பிய நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சித்தாரி வேலை செய்பவர் வீட்டுக்குப் போனோம்.

சித்தாரி என்றால் நம் சித்திரக்காரர்தான், சொல்லே அடையாளம் காட்டுகிறது. மரத்தில் கடைசல் வேலை செய்து அரக்கில் நிறம் ஏற்றுவது இவர்கள் தொழில். கல்யாண மணை, தொட்டில் கால், பூரிக்கட்டை, குழந்தைகளின் சொப்புச் சாமான் எல்லாம் வெயிலில் காய்ந்த மிளகாய்ச் சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் அடுக்கி வைத்திருந்தார்கள். பெரியவர் கடைசல் பொறியில் ஒரு மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியால் பிசிறு எடுத்தார். பிறகு சிவப்பு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் வைத்து அழுத்தினார். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. உராயும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறியது. முதலில் திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. ஒரு தாழை மடலை நறுக்கி எடுத்து அதன்மேல் வைத்துத் தேய்த்தார் பாருங்கள், அரை நிமிடத்தில் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பிள்ளைகள் கையைத் தட்டிவிட்டார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்பு வைத்து விளையாடி வளர்ந்த நம் உறுப்பினர் ஒருவர் அந்த மரத்துண்டை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டு, அதே வாசம் என்றார்.

மகன் கூட இருக்கிறாரா என்று கேட்டோம். வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார் என்றார். ஒரு ஜோடி மணைக்கு வண்ணம் ஏற்றிப் பூ எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்து, அங்கேயே ஆறு ஜோடிக்கு முன்பணம் கொடுத்தோம். அவர் விலை சொன்னார், நாங்கள் பேரம் பேசவில்லை. பேரம் பேசக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் இறங்கியிருந்தோம்.

அப்புறம் கர்மல் காட் மலைப்பாதை ஏற்றத்தில் பஸ் சூடாகி நின்றது. நாங்கள் கேட்டது வேறு வண்டி, வந்தது பழைய வண்டி. ஒன்றரை மணி நேரம் மரநிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கேயே சாப்பிட்டோம். சிரமப்பட்ட பெரியவர்களிடம் செயற்குழு சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த முறை வண்டியை முந்தின நாளே நேரில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவோம்.

காணகோணா பக்கத்துக் குன்றுச் சரிவில் இருந்தது அந்தப் பட்டி. ஃபெனி காய்ச்சும் கொட்டகையை இங்கே பட்டி என்றுதான் சொல்கிறார்கள். இறங்கியதுமே வாசம் முகத்தில் அடித்தது, பழுத்த பழமும் புளிப்பும் விறகுப் புகையும் கலந்த வாசம். முந்திரி மரம் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு பிரேசிலிலிருந்து வந்தது. இன்று காடும் தோட்டமும் நிறைந்திருக்கும் இந்த மரங்களைக் கலால் துறை வட்டம் வட்டமாகப் பிரித்து ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர்தான் அந்த வட்டத்துப் பழத்தில் காய்ச்சலாம்.

பழத்தைப் பறிப்பதில்லை. கனிந்து தானாக விழுந்ததை மட்டும் பொறுக்குகிறார்கள். நுனியில் ஆணி வைத்த கம்பால் குத்தி எடுத்துக் கூடையில் போடுகிறார்கள், குனிய வேண்டாம். கொட்டையைத் திருகிப் பிரித்தபின் பழத்தை மிதிப்பார்கள். அதற்கென்று பாறையில் குடைந்த தொட்டி ஒன்று இருந்தது. இப்போது பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது, இந்த வீட்டில் இன்னும் காலால்தான். மிதித்த சக்கையைக் குவித்துக் கொடியால் இறுகச் சுற்றி, மேலே கல்லை ஏற்றி வைக்கிறார்கள். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளிந்து இறங்கும் சாறுக்கு நீரோ என்று பெயர். போதை கிடையாது. எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். வெயிலில் வந்த களைப்புக்கு அது அமிர்தம். தொண்டை கரகரப்பு துளிகூட இல்லை. ஊரில் எத்தனை லட்சம் பழத்தை எறிந்திருப்போம் என்று நினைத்து எனக்கு மனசு கனத்துப் போயிற்று.

மிதித்த சாற்றைப் பானைகளில் மூன்று நாள் வைக்கிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, தானாகவே பொங்குகிறது. பானையருகே காதை வைத்தால் மெல்லிய சலசலப்பு கேட்கும், பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்டார்கள். பிறகு செம்புப் பாத்திரத்தில் ஊற்றி, வாயை அடைத்து மண் பூசி, விறகு மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியே இன்னொரு பானைக்குப் போகிறது. அந்தப் பானையின் மேல் ஒரு அம்மா கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். நாங்கள் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் அவர் கை நிற்கவில்லை. நின்றால் பானை சூடாகும், ஆவி குளிராது, போட்ட உழைப்பு காற்றோடு போகும். இந்தத் தொழிலின் பெயர் பாட்டிலில் வருகிறது, அந்த அம்மாவின் கை எதிலும் வருவதில்லை.

முதலில் வடிவது உர்ராக், சுமார் 15 சதவீதம் சாராயம். கோடையில் மட்டும் கிடைக்கும், நாள்பட வைக்க முடியாது. உர்ராக்கோடு சாறு கலந்து மறுபடி வடித்தால்தான் ஃபெனி, 42 சதவீதத்துக்கு மேல். கொங்கணியில் ஃபேன் என்றால் நுரை. பட்டிக்காரர் ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் காட்டினார். மேலே முத்து முத்தாக நுரை கட்டியது. முத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தே சாராயத்தின் வீரியத்தைச் சொல்லிவிடுகிறார். பிறகு வீரியத்தை அளக்கும் கருவியை மிதக்கவிட்டுச் சரிபார்த்தார், ஒத்துப்போயிற்று.

2009இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் நாட்டுச் சாராயம் என்ற வகையில் வைத்திருந்ததால் வெளி மாநிலங்களில் விற்க நீண்ட காலம் வழியில்லாமல் இருந்தது. சீசன் மூன்று மாதம்தான். மீதி மாதங்களில் இந்தக் குடும்பம் பாக்குத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறது. கோவா என்றால் குடி என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கும்போது, இந்தக் குடும்பத்தின் நினைப்பு எனக்கு வருகிறது. குடியைப் பற்றிய கவலையும் இந்த உழைப்பின் மேல் மரியாதையும் ஒரே மனசில் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

பஸ் தாமதத்தில் ஒரு நன்மை விளைந்தது. சால்செட் கடற்கரைக் கிராமத்துக்கு மதியம் போக நினைத்தவர்கள் மாலை ஐந்தரைக்குத்தான் சேர்ந்தோம், சரியாகத் தென்னை ஏறும் நேரம். இங்கே கள் இறக்குபவரை ரெந்தேர் என்கிறார்கள். காலையும் மாலையும் கள் எடுக்க, மதியம் பாளை சீவ என்று நாளுக்கு மூன்று ஏற்றம். இடுப்பில் அரிவாள், முதுகுப்பக்கம் கள்ளெடுக்கும் குடுவை. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது 1987இல். அதனால் நம் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பாளை சீவுவதைப் பார்த்ததில்லை. இந்தக் கள்ளில் தென்னை ஃபெனி மட்டும் எடுப்பதில்லை. சன்னா என்கிற இட்லிக்கு மாவு புளிக்க வைப்பதும், கோவா சமையலின் வினிகரும், கருப்பட்டியும் இதிலிருந்துதான். அவர் வீட்டில் சுடச்சுட சன்னா கொடுத்தார்கள். வகுப்பு அம்மாக்களில் ஒருவர் மூன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆப்பத்துக்குக் கள் ஊற்றிய தன் பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், வாஸ்கோ வரும்வரை நிறுத்தவில்லை.

கணக்கு: சுற்றுலாச் செலவு முழுக்க வந்தவர்கள் கட்டிய பணத்திலேயே முடிந்தது. சங்க நிதியிலிருந்து எடுத்தது, மூன்று இடங்களிலும் நமக்காக நேரம் ஒதுக்கியவர்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு மட்டும். தணிக்கை செய்த வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வைப்பார்.

வரும் ஏப்ரலிலும் போக வேண்டும் என்று பதினோரு குடும்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. வடகோவாவில் பிச்சோலிமின் குயவர்களைப் பார்க்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. உறுப்பினர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. குங்கோலிம் மணைகள் ஆறு ஜோடியும் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டன. ஐந்து ஜோடியை உரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மஞ்சளில் தாமரை போட்ட ஒரு ஜோடி சங்க அலுவலகப் பீரோவில் இருக்கிறது. அதை நம் குடும்பக் கல்யாணங்களுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். முதலில் கேட்டிருப்பது வைகாசியில் நடக்கும் கல்யாணத்துக்கு.

நன்றி, வணக்கம்.

செயலாளர்