கல்லடித் தம்பிக்கு: பாஸ்கா இன்னும் முடியவில்லை

அன்புள்ள தம்பி,

பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாட்டில், ஞானஸ்நானம் பெற்று ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் "இனி என்ன செய்யிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். தவக்காலத்தில் சிலுவைப்பாதை, ஒறுத்தல், உண்டியல் என்று கைக்கு வேலை இருந்தது. உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் கோயிலில் பாதிப் பேரைக் காணோம். கணக்கைப் பார்த்தால் தவக்காலம் 40 நாள், பாஸ்காக் காலம் 50 நாள். 2026இல் ஏப்ரல் 5 தொடங்கி மே 24, தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து திருவிழா வரை.

முதலில் வாசிப்பு. இந்த நாட்களில் திருப்பலியின் முதல் வாசகம் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் இருந்துதான் வரும். மொத்தம் 28 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரத்துக்குச் சற்று மேல் வாசித்தால் போதும். 7ஆம் அதிகாரத்தில் முதல் மறைசாட்சி ஸ்தேவானின் நீண்ட பேச்சு வரும், அந்த அதிகாரம் மட்டும் 60 வசனம். தொடங்கினவர்கள் அங்கேதான் புத்தகத்தை மூடி வைப்பார்கள். அதை மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள். மூவேளைச் செபத்துக்குப் பதிலாக இப்போது "விண்ணக அரசியே" சொல்ல வேண்டும். கடையில் நின்றுகொண்டே சொல்லலாம்.

கடை வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போவதா என்றும் கேட்டிருக்கிறாய். 18ஆம் அதிகாரத்துக்கு வரும்போது பார், கொரிந்துவில் பவுல் அக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்திருக்கிறார். நீ ஆணி நிறுக்கும்போது பையின் எடையைக் கழித்து நிறு. கடனுக்குக் கொடுத்ததைக் கொப்பியில் அன்றைக்கே எழுது. இப்போதைக்கு உன் ஊழியம் அந்தத் தராசடியில்தான்.

அடுத்தது உதவி தேவைப்படும் ஒரு வீடு. ஐந்து வீடு வேண்டாம், ஒன்றே ஒன்று. நாளுக்கு 50 ரூபா ஒதுக்கினால் 50 நாளில் 2,500 ரூபா சேரும். பத்து வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 250 ரூபா, யாருக்கும் உதவாது. பங்கில் ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே போல் சபை இருந்தால் அவர்களிடமே வீட்டைக் கேள். அவர்கள் தனியாகப் போவதில்லை, இரண்டிரண்டு பேராய்ப் போவார்கள். நீயும் அப்படியே போ. ஏழு கிழமையும் அதே வீட்டுக்கு, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. மத்தியான உலை கொதிக்கிற நேரத்தில் போனால் அந்த அம்மா உனக்கும் சேர்த்து அரிசி போட வேண்டியிருக்கும்.

இருபது நிமிடம் காணும். நின்றுகொண்டு பேசாதே, பாயில் இரு. சீனி வருத்தக்காரருக்கு பிஸ்கட் பெட்டி கொண்டுபோகாதே. கிளினிக் போகும் பஸ் காசுதான் அவருக்கு உதவும். "ஆண்டவர் உங்களைச் சோதிக்கிறார்" என்று வாய் தவறியும் சொல்லாதே. "செபிக்கவா?" என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. சம்மதித்தால் "ஆண்டவரே என் ஆயர்" என்ற திருப்பாடல், ஆறே வசனம். போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பார்சல் கொடுக்கிற படம் முகநூலில் ஏறிய பிறகு அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்னென்ன பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்று யோசி.

இனி உன் வீடு. ஏப்ரல் 14 புத்தாண்டு வருகிறது. முற்றம் கூட்டு, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடு, கைவிசேடம் தந்தால் இரண்டு கையாலும் வாங்கு. சாமியறையில் நிற்பது வேறு விஷயம். அதைப் பாதரிடம் முன்கூட்டியே கேட்டு வை, அன்று காலையில் அம்மாவோடு வாதம் பண்ணாதே. "பொடியனை மதம் மாத்திப் போட்டாங்கள்" என்று அயலில் பேசுவார்கள். மறுமொழி சொல்லப் போகாதே.

ஏப்ரல் 21 வரும். 2019இல் அந்த உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது; இறந்தவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். இறந்தவர்களின் உறவினர் யாரையாவது கண்டால் மன்னிப்பைப் பற்றி நீ பேசாதே. அது அவர்கள் எடுக்க வேண்டிய வார்த்தை. பக்கத்தில் இரு.

கடைசியாக உன் ஞானஸ்நான மெழுகுதிரி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிமிர்த்தி வைத்தால் வளைந்துவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் படுக்க வை, கட்டிலுக்குக் கீழே. வருடத்துக்கு ஒரு தரம், ஞானஸ்நானம் பெற்ற திகதியில், ஐந்து நிமிடம் ஏற்றி அணை.

அன்புடன்,
பங்கில் இருந்து