சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம், தருமபுரி: 2024-25 ஆண்டறிக்கை

ஆயர் ஐயா அவர்களுக்கும், தலைவி ஆயரம்மா அவர்களுக்கும், சபைக் கமிட்டியாருக்கும், சங்கத்தின் அக்கா தங்கைகள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

வாரக் கூட்டங்கள் செவ்வாய்க்கிழமைகளில் நடந்தன, உபவாச ஜெபம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வீட்டு ஜெபம் கேட்டவர்கள் வீட்டில். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். பண்டிகை நாட்களில் கோயில் அலங்காரம், அறுப்பின் பண்டிகை ஏலம், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொங்கல் எல்லாம் எப்போதும்போல நன்றாக நடந்தன. இதற்குமேல் அவற்றைப் பற்றி எழுதவில்லை, ஏனென்றால் இந்த வருஷம் நம் சங்கத்துக்கு வேலை கொடுத்தது நம் வீடுகளுக்குள் இருந்த கஷ்டங்கள்தான்.

நம் உறுப்பினர் ஒருவரின் கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். (அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.) அடக்கம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்த சிலர், இது தேவ சித்தம், ஜெபத்தில் குறை இருந்திருக்கும், விசுவாசம் பலவீனமாகிவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். யார்தான் வருவார்கள்? வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது நல்ல காரியம், அப்புறம் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை, பதில் சொன்ன அந்தச் சிநேகிதர்களிடம். இதை ஒரு செவ்வாய்க்கிழமை நாம் சேர்ந்து வாசித்தோம். அன்றைக்கே ஆயரம்மா ஒரு ஒழுங்கு வைத்தார்கள்: துக்க வீட்டுக்குப் போகிற நம் சகோதரிகள் யாரும் காரணம் சொல்லக்கூடாது, பாத்திரம் கழுவுங்கள், களி கிண்டிக் கொடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள், பேச்சு வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரரே ஆரம்பிக்கட்டும்.

அப்படியே முறை வைத்துப் போனோம். பல வாரம் கழித்து அவராகவே வேதாகமத்தை எடுத்து, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தார், வாசித்து அழுதார், நாங்களும் அழுதோம். விசுவாசம் போய்விட்டால் மனுஷன் யாரிடம் போய் இப்படிச் சண்டை போடுவான்? மறந்துவிட்டீரே என்று கர்த்தரிடமே கேட்கிறவர் கர்த்தரை விட்டுப் போனவர் அல்ல. இப்போது அவர் தையல் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். துக்கம் தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் இன்னொரு பெண் தன் மகனைப் பறிகொடுத்தபோது எங்களுக்கு முன்னால் அங்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது இவர்தான்.

இதற்குப் பிறகு உபவாச ஜெபத்தில் ஒரு மாற்றம் செய்தோம். சாட்சி நேரத்தில் தங்கள் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் மட்டும் எழுந்து பேசுவது பழக்கமாக இருந்தது. இப்போது இன்னும் பதில் கிடைக்காதவர்களும் பேசுகிறார்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை, சோர்வு உண்டாகும் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிறது, அதையும் வேதத்தில்தானே வைத்திருக்கிறார்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் கேட்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் கிடைத்தது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே மிச்ச ஓட்டத்தையும் ஓடினார்.

டிசம்பர் 1, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அன்று இரவு ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், நம் அரூரில் 33 சென்டிமீட்டர். குடிக்கவும் பாசனத்துக்கும் தண்ணீருக்காக ஜெபம் செய்தே பழகிய மாவட்டம் இது, வானத்தைப் பார்த்து நிறுத்துங்கள் ஆண்டவரே என்று கேட்டது அன்றைக்குத்தான். ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம், அங்கே சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் தூங்கவே இல்லை. கிறிஸ்துமஸ் புடவைக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தை நம் சகோதரிகள் அப்படியே கொடுத்தார்கள், நான் கேட்கக்கூட இல்லை. பிடி அரிசிக் காணிக்கை, பாய், போர்வை, பிள்ளைகளுக்கு நோட்டு எல்லாம் வேனில் போனது. கொடுத்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக் கூரையும் அன்று ஒழுகியதுதான். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் தாராளமாகக் கொடுத்தார்கள் என்று பவுல் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன்.

குழுக் கடன் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். வாரத் தவணைக்கு ஆள் வருகிற நேரத்தில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வாயைப் பொத்தி உட்காரவைத்த வீடுகள் நம் சங்கத்திலேயே உண்டு. அந்த அவமானம் பசியைவிடக் கொடியது. ஜெபம் பண்ணினால் கடன் அடைந்துவிடும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அது பொய். ஜெபம் பண்ணி எழுந்து, கதவைத் திறந்து, இவ்வளவுதான் இந்த வாரம் முடியும் என்று நேருக்கு நேர் சொல்கிற தைரியம் வந்தது, அது உண்மை. கணக்குத் தெரிந்த சகோதரிகள் இருவர் அந்த வீடுகளுக்குப் போய் எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி என்று நோட்டில் எழுதிக்கொடுத்தார்கள். இந்த உதவி தொடர வேண்டும்.

மார்ச் 7 உலக ஜெப நாள். பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகளின் பெண்கள் தயாரித்த ஆராதனை ஒழுங்கு, வாசிப்பு 139-ஆம் சங்கீதம். பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிற நம் மூத்த அக்காவைத்தான் வாசிக்கக் கேட்டோம். சின்ன வயதிலிருந்து போர்வெல் தண்ணீர் குடித்து, முதுகும் முழங்காலும் வளைந்துபோனவர். நம் ஊர்ப் பாறையிலிருந்து கரைகிற ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது, அவருடைய எலும்புக்கு அது பிந்திவிட்டது. இவர் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதை இவரிடமும் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இயேசு அன்றைக்கே இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா தடியை ஊன்றி நின்று, "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்" என்று வாசித்தார், உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை, முழு சங்கீதத்தையும் நின்றே முடித்தார். நான் செயலாளராக எழுதிய எல்லாக் கூட்டக் குறிப்புகளிலும் இதைத்தான் பெரிய எழுத்தில் எழுதினேன்.

வருகிற வருஷத்துக்கு மூன்று காரியம் கமிட்டியின் முன் வைக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்களுக்குக் கஞ்சி கொடுப்பதை வியாழக்கிழமையோடு நிறுத்தாமல் திங்கட்கிழமையும் கொடுக்க ஆள் வேண்டும். விதவைச் சகோதரிகளுக்காக இரண்டாவது தையல் மெஷின் வாங்க அனுமதி வேண்டும். மூத்த அக்காவையும், நடக்க முடியாத மற்றவர்களையும் ஞாயிறு காலை அழைத்துவர ஆட்டோ செலவைச் சபை ஏற்க வேண்டும். இந்த அறிக்கையை அங்கீகரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம்